மலையின் உயிர்க் கணக்கு

தொலைவில் நின்று காண்பார்க்கு மலை ஒரே நீலத் திரளாகத் தோன்றும். அடுத்துச் சென்று அடியிலிருந்து முடிவரை நடந்து ஏறுவார்க்கோ, அது பல நாடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல் விளங்கும். அடிவாரத்தில் வெயில் கொளுத்தும். இடையில் மழைமேகம் தவழும். முடியில் பனி உறைந்து கிடக்கும். ஒவ்வொரு படியிலும் மரம் வேறு, செடி வேறு, பறவை வேறு, விலங்கு வேறு. நிலத்தைக் குறிஞ்சி முதலாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய மரமும் பூவும் புள்ளும் விலங்கும் இவை எனக் கருப்பொருளாக வகுத்த நெறியைக் கற்ற நமக்கு, இடத்திற்கும் உயிருக்கும் உள்ள உறவு புதிதன்று.

அவ்வுறவை வானளாவிய மலைகளில் கருவிகொண்டு அளந்து, இன்ன உயரத்தில் இன்ன உயிர் வாழ்கின்றது எனக் கணக்கெழுதி, உலகோர் கண்முன் வைத்த பேரறிஞர் ஒருவர் இருந்தார். அவரே அலெக்சாந்தர் ஹம்போல்ட் என்பவர். அவர் மறைந்து நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. எனினும், மலைவாழ் உயிர்களைக் காக்க முனைவோர் இன்றும் அவர் எழுதி வைத்த ஏடுகளைப் புரட்டிப் பார்க்கின்றனர். அதற்குக் காரணம் யாது என்பதை அவர்தம் வாழ்க்கை வரலாறு நமக்கு உணர்த்தும்.

பிறப்பும் இளமையும்

ஹம்போல்ட், 1769ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 14ஆம் நாள், பிரஷ்ய நாட்டின் தலைநகராகிய பெர்லினில் பிறந்தார். தந்தையார் படைத்துறையில் பணியாற்றியவர். தாயார் செல்வக் குடியில் தோன்றியவர். வில்ஹெல்ம் என்னும் தமையனார் ஒருவர் ஹம்போல்ட்டுக்கு உண்டு. பிற்காலத்தில் மொழியாராய்ச்சியில் பெரும்புகழ் எய்தியவர் அவரே. ஹம்போல்ட் ஒன்பது வயதுச் சிறுவராக இருந்தபொழுது தந்தையார் காலமானார். தாயார் மக்கள் இருவருக்கும் நல்லாசிரியர்களை வீட்டிற்கே வரவழைத்துக் கல்வி புகட்டினார்.

தமையனார் ஏட்டுக் கல்வியில் ஆழ்ந்திருப்பார். தம்பியாருக்கோ தம் மாளிகையைச் சூழ்ந்திருந்த காடே ஏடாயிற்று. அவர் நாள்தோறும் செடியும் பூச்சியும் கிளிஞ்சலும் கல்லும் பொறுக்கிப் பையில் நிரப்பிக்கொண்டு வருவார். அவற்றை இனவாரியாகப் பிரித்து, பெயர் எழுதி, வரிசையாக அடுக்கி வைப்பார். வீட்டார் அவரைச் சின்ன மருந்துக் கடைக்காரர் என்று விளையாட்டாக அழைத்தனர். பொருள்களைச் சேர்ப்பதோடு நில்லாமல், அவற்றிற்குப் பெயரும் இடமும் குறித்து வைக்கும் அவ்வழக்கமே பிற்காலத்தில் அவரை உலகப் பெரியாராக உயர்த்தியது.

கடல் கடந்து அயல்நாடுகளைக் காணவேண்டும் என்பது அவர் வேட்கை. மகன் அரசாங்கப் பணியில் அமரவேண்டும் என்பது தாயார் விருப்பம். தாயாரின் விருப்பத்திற்கு இணங்கிய ஹம்போல்ட், கெட்டிங்கன் பல்கலைக் கழகத்திலும், பின்னர் 1791ஆம் ஆண்டில் பிரைபர்க் நகரத்துச் சுரங்கக் கல்லூரியிலும் பயின்றார். கற்பதற்காகச் சுரங்கத்துள் இறங்கியவர், கதிரொளி புகாத அவ்விருளிலும் பூஞ்சணமும் பாசியும் வளர்வதைக் கண்டார். அவற்றையும் விடாமல் ஆராய்ந்து 1793ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார்.

சுரங்கப் பணி

1792ஆம் ஆண்டில் அவர் சுரங்கத் துறையில் அதிகாரியாக அமர்ந்தார். நிலத்தின் அடியில் உழைக்கும் ஏழை மக்களின் துன்பம் அவர் உள்ளத்தை வருத்தியது. எழுத்தறிவும் தொழிலறிவும் இன்மையால் அவர்கள் இடர்ப்படுவதைக் கண்டு, தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு அவர்களுக்கென ஒரு பள்ளியை நிறுவினார். நச்சுக் காற்று நிறைந்த இடத்திலும் அணையாது எரியும் விளக்கு ஒன்றையும், அவ்விடத்தில் மூச்சுவிட உதவும் கருவி ஒன்றையும் அமைத்தார். விளக்கைச் சோதிக்கும் இடரான வேலையைப் பிறரிடம் ஒப்படைக்காமல் தாமே மேற்கொண்டார். ஒருமுறை அவ்வாறு சோதிக்கையில் உணர்விழந்து வீழ்ந்தார்; உடனிருந்தோர் அவரை இழுத்து வந்து உயிர் காத்தனர்.

1796ஆம் ஆண்டின் இறுதியில் தாயார் உலக வாழ்வை நீத்தார். பெரும்பொருள் ஹம்போல்ட்டின் உரிமையாயிற்று. அவர் மாளிகை கட்டவில்லை, நிலம் வாங்கவில்லை, பதவியைத் துறந்து, அச்செல்வம் முழுவதையும் உலகை அறியும் முயற்சிக்கே செலவிடத் துணிந்தார். பிரெஞ்சு நாட்டுத் தாவர நூல் வல்லுநரான எமே போன்பிலான் என்பவர் அவருக்கு உற்ற துணைவராக வாய்த்தார்.

கடற்பயணம்

அந்நாளில் தென் அமெரிக்காவின் பெரும்பகுதி ஸ்பெயின் நாட்டின் ஆட்சியில் இருந்தது. அந்நாட்டு மன்னரின் இசைவு பெற்று, நண்பர் இருவரும் 1799ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் கப்பலேறினர். காற்றழுத்தமானி, வெப்பமானி, ஈரமானி, காலமானி, கோணமானி, வானத்து நீலத்தின் செறிவை அளக்கும் கருவி என நாற்பதுக்கும் மேற்பட்ட கருவிகள் அவர்களுடன் சென்றன.

உயரே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறையும். ஆதலால் காற்றழுத்தமானியில் பாதரசம் எவ்வளவு இறங்கியுள்ளது என்பதைக் கொண்டு, நாம் நிற்கும் இடத்தின் உயரத்தைக் கணக்கிடலாம். மலையில் ஒரு செடியைக் கண்டதும் அதன் பெயரோடு உயரத்தையும் வெப்பத்தையும் உடன் எழுதிக்கொள்வதே ஹம்போல்ட் கைக்கொண்ட முறை. இது கேட்பதற்கு எளிது. மழையிலும் பனியிலும் கண்ணாடிக் கருவியை உடையாமல் தூக்கிச் சென்று, நடுங்கும் கையால் எழுதுவது அரிது.

வழியில் தெனரீபு என்னும் தீவில் கப்பல் தங்கியது. அத்தீவின் நடுவே 3,700 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் தெய்தே எரிமலையில் நண்பர் இருவரும் ஏறினர். கீழே திராட்சைத் தோட்டங்கள், அவற்றின் மேல் பசுமை மாறாத காடு, அதன் மேல் ஊசியிலை மரங்கள், அப்பால் வறட்சியைத் தாங்கும் புதர்கள், இறுதியில் புல். இவ்வாறு ஐந்து படிகளாக மரஞ்செடிகள் மாறுவதை ஹம்போல்ட் குறித்துக்கொண்டார். ஒரு மலையைப் படி படியாகப் படிக்கும் கலையில் அதுவே அவருக்கு முதற்பாடம் எனலாம்.

ஏரியும் காடும்

1799ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் அவர்கள் இன்றைய வெனிசுவேலா நாட்டுக் கடற்கரையில் குமானா என்னும் ஊரில் இறங்கினர். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், மலைகள் சூழ்ந்த வலென்சியா ஏரியை அடைந்தனர். அவ்வேரியின் நீர் ஆண்டுதோறும் குறைந்து வந்தது. ஏரியின் அடியில் மறைவான வழியொன்று உண்டு; அதன் வழியே நீர் ஒழுகிவிடுகின்றது என்று அவ்வூரார் கருதினர். ஹம்போல்ட் அக்கருத்தை ஏற்கவில்லை. அவர் ஏரியை மட்டும் பார்க்காது, அதனைச் சூழ்ந்த மலைகளையும் நிமிர்ந்து பார்த்தார்.

மலைச்சரிவில் இருந்த மரங்களை மக்கள் வெட்டி வீழ்த்தியிருந்தனர். ஏரிக்கு வரும் ஓடைகளையும் வயல்களுக்குத் திருப்பியிருந்தனர். மரம் இருக்கும்பொழுது அதன் நிழல் மண்ணின் ஈரத்தைக் காக்கின்றது. வேர் மண்ணைப் பிடித்து நிறுத்துகின்றது. பெய்த மழை மண்ணுள் இறங்கி, சிறிது சிறிதாக ஊறி வெளிப்படுகின்றது. மரம் போயின் மழைநீர் ஒருங்கே பாய்ந்து மண்ணை அரித்துச் செல்கின்றது. பின்னர் ஓடை வறண்டு கிடக்கின்றது. மழைக்காலத்தில் வெள்ளமும் கோடையில் வறட்சியுமாக இருவகைத் துன்பமும் மலைக்காட்டை அழிப்பதால் விளைகின்றன என்பதை ஹம்போல்ட் தெளிவாக எடுத்துரைத்தார். மலையின் பசுமையும் அடிவாரத்து மக்களின் வாழ்வும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பதை உலகம் அவர் வாயிலாக உணரத் தொடங்கிற்று.

கிந்தியோ மலைவழி

ஒரினோக்கோப் பேராற்றிலும் அதனை அடுத்த காடுகளிலும் அலைந்து, கியூபாத் தீவிற்கும் சென்று மீண்ட பின்னர், 1801ஆம் ஆண்டில் அவர்கள் ஆண்டிஸ் மலைத்தொடரை அடைந்தனர். இன்றைய கொலம்பியா நாட்டில் உள்ள கிந்தியோ மலைவழி மிகக் கொடியது. சேறும் முள்ளும் நிறைந்த அவ்வழியில், செல்வர்கள் நாற்காலியில் அமர்ந்து, மனிதர் முதுகில் சுமந்து செல்லப்படுவது அந்நாளைய வழக்கம். மனிதன் மனிதனைச் சுமப்பதை ஹம்போல்ட் வெறுத்தார். பெட்டிகளை எருதுகளின்மேல் ஏற்றிவிட்டு, நண்பரோடு தாமும் நடந்தே சென்றார். காலணி கிழிந்தது; கால் புண்ணாயிற்று; எனினும் கொள்கை தளரவில்லை. அடிமை முறையையும் அவர் வாழ்நாள் முழுவதும் கண்டித்து வந்தார்.

நடந்து சென்றமையால் அவர் கண்ட பயன் ஒன்று உண்டு. பனையினம் வெப்பம் மிக்க தாழ்நிலத்திற்கே உரியது என்று அறிஞர் கருதியிருந்தனர். இங்கோ, குளிர்காற்று வீசும் மலையின் உயரத்தில், ஐம்பது மீட்டர் அளவுக்கு ஓங்கி வளர்ந்த பனைகள் வெண்தூண்கள் போல் நின்றன. அவற்றின் தண்டில் மெழுகு படிந்திருந்தது. மெழுகுப் பனை என வழங்கும் அம்மரத்தை நண்பர் இருவரும் உலகிற்கு அறிவித்தனர். பொது விதியை அறிவதோடு அமையாது, விதிக்கு விலக்கானதையும் மறையாது எழுதுதல் நல்லாராய்ச்சியின் இலக்கணம் அன்றோ?

அந்திசானாவும் சிம்பொராசோவும்

1802ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர்கள் இன்றைய ஈக்வடார் நாட்டின் தலைநகராகிய கீட்டோவை அடைந்தனர். அந்நகரைச் சூழ்ந்து எரிமலைகள் பல நிற்கின்றன. ஹம்போல்ட் அவற்றுள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறலானார். கார்லோஸ் மொந்தூபார் என்னும் கீட்டோ நகரத்து இளைஞர் அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் அந்திசானா மலைக்குச் சென்றனர். அம்மலையின் சரிவில், மரங்கள் வளரும் எல்லைக்கு அப்பால், பரந்த புல்வெளிகள் உள்ளன. அவற்றைப் பாரமோ என்பர். அங்குள்ள செடிகள் குளிருக்கு அஞ்சித் தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும். வானத்தில் காண்டார் என்னும் பெருங்கழுகு வட்டமிடும். அங்கே கண்ட செடிகளை நண்பர்கள் பறித்து, தாளிடையே வைத்து உலர்த்தி, குறிப்பெழுதி வைத்தனர்.

பின்னர், அவ்வாண்டு ஜூன் 23ஆம் நாள், சிம்பொராசோ மலையில் ஏறத் தொடங்கினர். 6,263 மீட்டர் உயரமுள்ள அம்மலையே உலகில் மிக உயர்ந்தது என்று அக்காலத்தார் எண்ணியிருந்தனர். மூடுபனி கண்ணை மறைத்தது. உடன் வந்தோர் பலர் பனி தொடங்கிய இடத்திலேயே திரும்பிவிட்டனர். ஹம்போல்ட், போன்பிலான், மொந்தூபார், அப்பகுதி மனிதர் ஒருவர் ஆகிய நால்வரே மேலே சென்றனர். வழியோ ஒரு கத்தியின் விளிம்பு போன்ற பாறைமுகடு. மூச்சுத் திணறியது, தலை சுழன்றது, ஈறுகளில் குருதி கசிந்தது. அந்நிலையிலும் ஹம்போல்ட் இடையிடையே நின்று கருவியை எடுத்து அளந்தார். செடிகள் மறைந்தன, புல் மறைந்தது, இறுதியாகப் பாறையின்மேல் ஒட்டிய கற்பாசி மட்டும் தென்பட்டது. பின்னர் அதுவும் மறைந்தது.

முடி இன்னும் சில நூறு மீட்டர் தொலைவே இருந்தபொழுது, கடக்கவியலாத பெரும்பிளவு ஒன்று குறுக்கிட்டது. அவர்கள் திரும்ப நேர்ந்தது. அவர் கணக்கின்படி அவர்கள் அடைந்த உயரம் ஏறத்தாழ 5,880 மீட்டர். மலையேறிய மனிதர் எவரும் அதுவரை அவ்வளவு உயரம் சென்றதாகப் பதிவில்லை. முடியை எட்டவில்லையே என்று அவர் சோர்ந்துவிடவில்லை. அவர் தேடிச் சென்றது முடியன்று. அடிக்கும் முடிக்கும் இடைப்பட்ட உயிர்களின் ஒழுங்கே ஆகும்.

ஓர் ஓவியத்தில் ஒரு மலை

1803ஆம் ஆண்டின் தொடக்கத்தில், குவாயாகில் என்னும் துறைமுக நகரில் தங்கியிருந்தபொழுது, தாம் கண்டவற்றையெல்லாம் ஒரே படத்தில் அடக்க எண்ணினார் ஹம்போல்ட். சிம்பொராசோ மலையை நெடுக்காகப் பிளந்து காட்டுவதுபோல் வரைந்தார். கீழே வாழையும் பனையும், அவற்றின் மேல் மரப்பெரணியும், கொயினா மருந்து தரும் சிங்கோனா மரமும், அப்பால் குறுஞ்செடிகளும், பின்னர்ப் புல்லும், முடிவில் கற்பாசியும் எனச் செடிகளின் பெயர்களை அவை வாழும் உயரத்திலேயே எழுதினார். படத்தின் இரு மருங்கிலும் உயரத்திற்கேற்ற வெப்பம், காற்றழுத்தம், ஈரம், வான நீலம், விலங்கு, பயிர்த்தொழில் ஆகியவற்றை வரிசைப்படுத்தினார். நெடுங்கணக்கான செய்திகளை ஒரே பார்வையில் உணர்த்திய அப்படம், தாவரங்களின் நிலவியல் பற்றிய நூலோடு 1807ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் வெளிவந்தது. உழைப்பைப் பகிர்ந்துகொண்ட போன்பிலானின் பெயரையும் அந்நூலில் அவர் பொறித்தார்.

ஐந்தாண்டுப் பயணம் முடிந்து 1804ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவர்கள் ஐரோப்பா திரும்பினர். அவர்கள் சேர்த்த உலர்ந்த தாவரங்கள் ஏறத்தாழ 60,000. அவற்றுள் அடங்கிய இனங்கள் ஏறத்தாழ 6,000. முன்னெச்சரிக்கையாக அவற்றைப் பிரித்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்பியிருந்தனர். ஒரு தொகுதி கடலில் மூழ்கிற்று, ஏனையவை தப்பின. எஞ்சியவை பாரிஸ், பெர்லின் ஆகிய நகரங்களில் இன்றும் போற்றிக் காக்கப்படுகின்றன.

பிற்கால வாழ்வு

பயண வரலாற்றையும் ஆராய்ச்சி முடிவுகளையும் முப்பது தொகுதிகளாக வெளியிடும் பணியில் ஹம்போல்ட் தம் எஞ்சிய செல்வத்தையும் செலவிட்டார். இமயமலையிலும் ஏறி, அதனை ஆண்டிஸோடு ஒப்பிட்டுக் காணவேண்டும் என்று அவர் பெரிதும் விரும்பினார். அந்நாளில் இந்தியாவில் ஆதிக்கம் செலுத்திய கிழக்கிந்தியக் கம்பெனியார் அதற்கு இசைவு தரவில்லை. அவ்விருப்பம் நிறைவேறாமலே போயிற்று. எனினும் மனம் தளராது, அறுபதாம் வயதில், 1829ஆம் ஆண்டில், ருசிய நாட்டின் வழியே அல்தாய் மலைவரை சென்று வந்தார்.

1827, 1828ஆம் ஆண்டுகளில் பெர்லினில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகளைக் கேட்கக் கட்டணம் இல்லை. அரச குடும்பத்தாரும் கைத்தொழிலாளரும் மகளிரும் ஒருங்கே அமர்ந்து கேட்டனர். உலகத்தின் இயல்பு முழுவதையும் விளக்கும் பெருநூலை முதுமையிலும் எழுதிக்கொண்டே இருந்தார். அதன் இறுதித் தொகுதி முற்றுப்பெறுமுன், 1859ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், எண்பத்தொன்பதாம் வயதில் இயற்கை எய்தினார்.

இரு நூற்றாண்டுகளுக்குப் பின்

அவர் தொடங்கிய கணக்கு அவரோடு முடியவில்லை. 2012ஆம் ஆண்டில் அறிஞர் குழுவினர் அவருடைய படத்தைக் கையில் ஏந்திச் சிம்பொராசோ மலையில் மீண்டும் ஏறினர். செடிகள் அன்று கண்ட உயரத்திலேயே இன்றும் நிற்கின்றனவா என்பதை அறிவதே அவர்கள் நோக்கம். ஆராய்ந்த முடிவை 2015ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பனிப்பாளங்கள் பின்வாங்கியிருந்தன, செடிகளின் எல்லை 500 மீட்டருக்கும் மேலாக உயர்ந்துவிட்டது என அவர்கள் கணக்கிட்டனர்.

அத்துடன் ஆராய்ச்சி நிற்கவில்லை. வேறு அறிஞர் சிலர் பழைய பயணக் குறிப்புகளையும் உலர்ந்த தாவரங்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தனர். அப்பொழுது ஓர் உண்மை புலனாயிற்று. படத்தில் சிம்பொராசோவின் உயரத்துச் செடிகளாக எழுதப்பட்டவற்றுள் பல, உண்மையில் அந்திசானா மலையில் பறிக்கப்பட்டவை. பல மலைகளுக்கும் பொதுவான ஒழுங்கை ஒரு மலையின் வடிவில் காட்ட விரும்பிய ஹம்போல்ட், இரு மலைகளின் செய்திகளையும் ஒரே படத்தில் சேர்த்திருந்தார். ஆகவே அந்திசானாவிலேயே மீண்டும் அளந்து பார்த்தபொழுது, செடிகள் ஏறியுள்ள அளவு ஏறத்தாழ 215 முதல் 266 மீட்டர் வரை என்பது தெரிந்தது. இம்முடிவு 2019ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இத்திருத்தத்தால் ஹம்போல்ட்டின் பெருமை குன்றிவிட்டதா? இல்லை. படத்தில் நேர்ந்த கலப்பைக் கண்டுபிடிக்க உதவியவை அப்பயணத்தில் எழுதிய குறிப்புகளும் அன்று உலர்த்தி வைத்த செடிகளுமே ஆகும். பறித்த இடத்தையும் உயரத்தையும் அவர்கள் எழுதி வையாதிருந்தால், பிழையும் தெரிந்திராது, உண்மையும் தெரிந்திராது. ஆராய்ச்சி உலகில் பெரியோர் சொல்லும் சோதனைக்கு உரியதே. சோதிக்கத்தக்க சான்றைத் தாமே விட்டுச் செல்பவரே மெய்யான பெரியோர் ஆவர்.

செடிகள் மேலே ஏறுவதால் தீங்கு யாது என்று சிலர் வினவக்கூடும். வெப்பம் மிகுந்தால் குளிர்ச்சியை நாடும் செடி மேற்படிக்குச் செல்லும். அதற்கு மேற்படியில் இருந்தது இன்னும் மேலே செல்லும். மலையோ மேலே செல்லச் செல்லக் குறுகும். ஒரு நிலையில் முடிந்தும்விடும். முடியில் வாழும் உயிருக்கு அதற்கப்பால் செல்ல இடம் இல்லை. செடி அழியின் அதனை நம்பிய பூச்சியும், பூச்சியை நம்பிய பறவையும் அழியும். மலையுயிர்கள் எதிர்நோக்கும் இடர் இதுவே.

அளத்தலும் காத்தலும்

இவ்விடரை உணர்ந்த அறிஞர்கள், உலகின் பல மலைமுடிகளில் ஒரு மீட்டர்ச் சதுரங்களாக இடம் குறித்து, அவற்றுள் உள்ள செடிகள் அனைத்தையும் எண்ணி எழுதுகின்றனர். சில ஆண்டுகள் கழித்து அதே இடத்திற்கு வந்து மீண்டும் எண்ணுகின்றனர். புதிதாக வந்தது எது, மறைந்தது எது என்பதை அக்கணக்கு காட்டிக் கொடுக்கின்றது. ஹம்போல்ட் கைக்கொண்ட முறையின் வளர்ச்சியே இது.

கணக்கெடுத்தால் மட்டும் போதாது; காவலும் வேண்டும். சிம்பொராசோ மலைப்பகுதி 1986ஆம் ஆண்டில் விலங்குக் காப்பகமாக ஆக்கப்பட்டது. ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த விக்குன்யா என்னும் மெல்லிய விலங்கு அந்நாட்டில் முற்றும் அற்றுப்போயிருந்தது. 1988ஆம் ஆண்டில் பிற நாடுகளிலிருந்து அவற்றைக் கொணர்ந்து விட்டனர். இன்று அவை ஆயிரக்கணக்கில் பெருகியுள்ளன. ஆடு மாடுகளின் கூரிய குளம்பு பாரமோவின் மண்ணைக் கிளறிச் சிதைக்கும். விக்குன்யாவின் மெத்தென்ற அடியோ புல்லையும் மண்ணையும் அவ்வளவாக வருத்துவதில்லை. உரிய விலங்கை உரிய இடத்தில் வாழவைத்தால் நிலமும் வாழ்கின்றது.

ஹம்போல்ட் கண்டு வியந்த மெழுகுப் பனையினத்துள் ஒன்றைக் கொலம்பியா நாட்டார் 1985ஆம் ஆண்டில் தம் நாட்டு மரமாக்கி, அதனை வெட்டுவதைச் சட்டத்தால் தடுத்தனர். அப்பனையின் பொந்தில் கூடு கட்டும் மஞ்சட்காதுக் கிளி ஒன்று உண்டு. 1999ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஒரு சிறு கூட்டமாக மட்டுமே அது காணப்பட்டது. திருநாள் சடங்கிற்காகப் பனங்குருத்தை வெட்டும் வழக்கத்தை மாற்ற ஊர்மக்களும் சமயத்தாரும் ஒத்துழைத்தனர். கிளியினம் மீண்டும் பெருகிற்று. மரத்தைக் காத்தவர் கிளியையும் காத்தவர் ஆயினர்.

அந்திசானாவின் பாரமோவும் இன்று காக்கப்படும் நிலமாக உள்ளது. அதன் பஞ்சு போன்ற மண் மழைநீரை உறிஞ்சி வைத்துச் சிறிது சிறிதாக விடுகின்றது. அந்நீர் தேக்கப்பட்டுக் கீட்டோ நகரின் தென்பகுதி மக்களுக்குக் குடிநீராகச் செல்கின்றது. அந்நகரில் குழாயைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் அம்மலைப் புல்லோடு உறவு உண்டு. வலென்சியா ஏரிக்கரையில் ஹம்போல்ட் உணர்த்திய உண்மை ஈண்டு மீண்டும் விளங்கக் காண்கிறோம்.

முடிவுரை

மலையைப் பார்ப்பவர் பலர், ஏறுபவர் சிலர், அதன் உயிர்களை எண்ணி எழுதுபவர் மிகச் சிலரே. எண்ணி எழுதாத செல்வம் களவுபோனாலும் தெரியாது. எத்தனை இருந்தன என்று அறியாதவன், எத்தனை இழந்தோம் என்றும் அறியான். ஆகவே கணக்கெடுத்தல் காவலின் முதற்படியாகும்.

மாணவர்களே, இதற்குச் சிம்பொராசோவுக்கே செல்லவேண்டும் என்பதில்லை. நாற்பது கருவிகளும் வேண்டுவதில்லை. உங்கள் ஊரை அடுத்த குன்றிலோ காட்டிலோ காணும் மரஞ்செடிகளையும் பறவைகளையும் கூர்ந்து நோக்குங்கள். கண்டது எது, கண்ட இடம் எது, கண்ட நாள் எது என்று தவறாமல் எழுதி வையுங்கள். காணாததைக் கண்டதாக எழுதாதீர்கள். இன்று நீங்கள் எழுதும் ஒரு வரி, பல்லாண்டுகளுக்குப் பின்னர் ஒரு மலையைக் காக்க நிற்போர்க்குச் சான்றாகலாம். சின்ன மருந்துக் கடைக்காரர் என்று வீட்டார் நகையாடிய சிறுவர், செடிக்குப் பெயரெழுதும் பழக்கத்திலிருந்தே தொடங்கினார் என்பதை மறவாதீர்கள்.